முணுக்கனுக்கு ஒரு பலகை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான், என் வீட்டுக்காரி, என் கழுத்துவலி மூவரும் நன்றாக இருக்கிறோம். மாடு மிதித்த உன் கால்விரல் தேறியதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் என் கீபோர்டு சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நீ கவனிக்கல, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதுபோக, இன்னும் வெளிவராத கேமின் மிருகங்களைப் போனிலோ மெயிலிலோ வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. காகிதத்தைப் பற்றி விதியில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

ஆறு வருஷம் கதவும் பீப்பாயும் வரைந்தவனுக்கு இப்போதுதான் ஒரு பனிமலையைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வாழும் ஒரு பழங்குடி, அவர்கள் வளர்க்கும் மிருகம், அவர்களுடைய மந்திரம் எல்லாமே என் பொறுப்பு. வரைந்தும் கொடுத்துவிட்டேன். எங்கள் மேலாளரம்மாவுக்கு ஆபீஸில் கத்தரி என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "இந்த மிருகத்த நான் நம்பல. ஆகஸ்ட்ல வெளியாளுங்க அஞ்சு பேர உட்காரவெச்சு ஆடச் சொல்வேன். அவங்களும் நம்பலன்னா மலையோட சேத்து வெட்டிடுவேன். நீங்க மறுபடி கதவுக்கே போயிடலாம்."

அக்கா, எனக்கு இன்னொரு கதவு வரைய முடியாது. நீ இருபத்திரண்டு வருஷமாக மாட்டு டாக்டர். படம் பின்பக்கம் இருக்கிறது. ஆறு கால், இரண்டு சிறகு, ஐந்து கொம்பு, வாயில் நெருப்பு. மாமிசம் தின்னும். ஐந்நூறு ஐந்நூறாகக் கூட்டமாகத் திரியும். என்ன குறை என்று சொல்.

உன் தம்பி வாலு


பிப்ரவரி 15

டேய் வாலு,

விரல் தேறிவிட்டது, நகம்தான் போய்விட்டது. உன் கழுத்துவலிக்கு மாட்டு மருந்து வேண்டுமானால் அனுப்புகிறேன்.

என்ன குறை என்றா கேட்கிறாய்? ஐந்நூறு மிருகம் பனிமலையில் எந்த மாமிசத்தைத் தின்னும்? முதல் வாரம் உன் பழங்குடியைத் தின்னும். இரண்டாம் வாரம் ஒன்றையொன்று தின்னும். மூன்றாம் வாரம் ஒன்றே ஒன்று மிஞ்சி ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். வாயில் நெருப்பு இருந்தால் நாக்கு வேகாதா? அந்த உடம்பைத் தூக்க உன் ஆபீஸ் கூரை அளவுக்குச் சிறகு வேண்டும், அதை மடித்து எங்கே வைக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு பெரிய படத்தில் சாணி எங்கே?

அப்புறம் அந்த ஜனங்கள். தலையில் இறகு, கழுத்தில் எலும்பு, நாள் முழுக்க நெருப்பைச் சுற்றி ஆட்டம். மாடு வைத்திருக்கிற யாரையாவது நீ பார்த்திருக்கிறாயா? ஒரே ஒரு மாடு வைத்திருப்பவர்களுக்கே கல்யாணத்துக்குப் போய்வர நேரமில்லை. மிருகத்தை முதலில் முடிவு செய். அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எங்கே படுக்கும் என்று தெரிந்தால் அந்த ஜனங்கள் என்ன உடுத்துவார்கள், எதைத் திட்டுவார்கள், எதற்குப் பாடுவார்கள் என்பது தன்னால் வந்துவிடும்.

இங்கே தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் காதில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. போகும்போது மட்டும், "மாட்டுக்கு வலிச்சா எப்படித் தெரியும் டாக்டரம்மா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ரிப்பேர் செய்ய வந்த யாரும் கேட்காத கேள்வி.

உன் படத்தைக் கிழிக்கவில்லை, சிரிப்பதற்கு வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டிய திட்டில் கழுத்துவலியே போய்விட்டது. உன் நகம் முளைக்கிறதா?

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். புதுசு இதுதான்: நாலு கால், தரைவரை தொங்கும் ரோமம். குளிருக்குச் சின்னக் காது. பனியைக் கிளறிப் பாசி தின்ன ஒரே ஒரு தட்டைக் கொம்பு. கண் பக்கவாட்டில், நாலு பக்கமும் பார்த்துப் பயப்படுவதற்கு. அசைபோடும்போது சதா முணுமுணுக்கும். அதனால் பெயர் முணுக்கன். சாணியும் போடுகிறது. அது விழுவதை அசையவைக்க மட்டும் மூன்று நாள் ஆனது, ஆபீஸே வந்து கைதட்டிவிட்டுப் போனது.

கத்தரி பார்த்தார். "பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. உடனே, "மந்திரம் எங்க?" என்றும் கேட்டார். பழங்குடியின் பூசாரி கையைத் தூக்கினால் பனி உருகும் என்றேன். கொட்டாவி விட்டார்.

உனக்கு மந்திரம் தெரியாது, இருந்தாலும் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

வாலு


மார்ச் 20

அன்புத் தம்பி,

நகம் முளைக்கிறது. உன் முணுக்கனைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாடுகள் ஆட்சேபிக்கவில்லை.

மந்திரம் எனக்குத் தெரியாது என்று யார் சொன்னது? கன்று தலைகீழாய்ச் சிக்கிய மாட்டுக்கு விடிகாலையில் தோள்வரை கைவிட்டுத் திருப்பி எடுத்துவிட்டு வந்தால், வீட்டுக்காரர்கள் என்னை மந்திரவாதியைப் போலத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எனக்கு அடுத்த மூன்று நாள் கை தூக்க வராது, கொட்டகையைக் கழுவ ஒரு பொழுது வேண்டும். உன் பூசாரி கையைத் தூக்கினார், பனி உருகியது, சரி. உருகின தண்ணீர் எங்கே போனது? மந்திரத்துக்கும் சாணி இருக்க வேண்டும்டா. எது நடந்தாலும் பின்னால் யாரோ ஒருவர் கூட்டிப் பெருக்க வேண்டும். அது தெரிந்தால்தான் நம்புவேன்.

ஃபிரிட்ஜ் மறுபடி கெட்டுவிட்டது. கதவு ரப்பராம். அதே மனிதர் வந்து மாற்றினார். பிறகு இன்னொரு தடவையும் கெட்டது. தடுப்பூசியை எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன், பால் வைக்க இடமில்லை. மனிதர் அதிகம் பேசுவதில்லை. பேசாத ஆளோடு டீ குடிப்பது இவ்வளவு நிம்மதி என்று தெரியாமல் போயிற்று.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நாங்கள் சௌக்கியம். உன் சௌக்கியத்தை அப்புறம் கேட்கிறேன், முதலில் இதைக் கேள்.

சேறு! முணுக்கன் அசைபோட்டு முணுமுணுத்தால் அதைச் சுற்றிப் பனி உருகும். அதுதான் மந்திரம். உருகினால் சேறு. அந்த ஜனங்களின் வாழ்க்கையே சேற்றோடுதான். நடக்கப் பலகை போடுவார்கள். ஆளுக்கொரு பலகையை முதுகில் கட்டிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்கள். குழந்தை பிறந்தால் பலகை செதுக்குவார்கள். வெறும் தண்ணீர்ச் சேறு, பாசிச் சேறு, காலை விடாத சேறு என்று சேற்றுக்கு மட்டும் அவர்களிடம் பத்தொன்பது சொல் இருக்கிறது. இறகு, எலும்பு எல்லாம் போயே போய்விட்டது. எழுதி முடித்ததும் நானே எழுந்து குதித்தேன்.

கத்தரி சிரித்தார்! பிறகு ஒரு பட்டனை அமுக்கினார். முணுக்கன் ஓடிவந்து நின்றது. "இது மிருகமா, பஸ்ஸா?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மனுஷனைக் கண்டு பயப்படும் ஒரு மிருகம், யாரும் பிடிக்காமல், கட்டாமல், தானாக எப்படிக் கிட்டே வரும்? உனக்குத்தான் தெரியும். சீக்கிரம் எழுது.

(ஃபிரிட்ஜை மாற்றிவிடேன். எத்தனை தடவைதான் ரிப்பேர் செய்வாய்?)

வாலு


மே 1

அன்புத் தம்பி,

தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை, நன்றாகவே இருக்கிறேன். எப்படி எழுதுவது என்று யோசித்தேன்.

இங்கே ஒரு கழுதை வருகிறது. யாருடையதும் இல்லை, வயதானது. அதைப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

முதலில் பத்து முழம் தள்ளி நிற்கும். உன்னைப் பார்க்காது, கேட்டைப் பார்க்கும். ஆனால் ஒரு காது உன் பக்கம் இருக்கும். நீ பார்த்தால் தரையில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்ளும். கூப்பிட்டால் போய்விடும். தீனி காட்டினாலும் போய்விடும், அதற்கு ரோஷம் ஜாஸ்தி. நீ முதுகைக் காட்டி உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு முழம் நெருங்கும். மறுநாள் அரை முழம் பின்வாங்கும். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குச்சி செருகியிருக்கும், எங்கே போய் மாட்டிக்கொள்கிறதோ. கொட்டகை வாசலில் இடது காலை முதலில் தேய்த்து, பிறகு வலது காலைத் தேய்த்துவிட்டுத்தான் நிற்கும். தும்மல் வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். புதன்கிழமைகளில் வரும்.

தனியாக இருந்து பழகிய மிருகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்பது லேசான விஷயம் இல்லை. இரண்டு பக்கமும்தான் சொல்கிறேன். நிற்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும்.

ஃபிரிட்ஜை மாற்ற வேண்டாம். நல்ல ஃபிரிட்ஜ்தான்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? உன் கழுதைக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம்!

ஒன்றைக்கூட விடவில்லை. பத்து முழம், கேட்டைப் பார்ப்பது, ஒரு காது, ரோஷம், அரை முழம் பின்வாங்கல், தும்மல், இடது கால், வலது கால், எல்லாம் முணுக்கனுக்குள் போய்விட்டது. காதில் குச்சிகூட வைத்துவிட்டேன். ஆடுபவர் பட்டனை அமுக்கினால் அது போய்விடும். கையை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அது தானாக வந்து சாய்ந்தால்தான் பனி உருகும். சாய்ந்திருக்கும்வரை அசையவும் முடியாது. மந்திரத்துக்கு விலை, ஒரு முழுப் பொழுது.

என் வீட்டுக்காரி உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தாள். ஏன் என்று கேட்டேன். "எந்தக் கழுதைங்க கிழமை பாத்து வரும்?" என்றாள். மிருகங்களுக்குக் காலக்கணக்கு உண்டு என்று விளக்கினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தாள். இவளுக்கு அறிவியல் ஆர்வம் கிடையாது.

வாலு


ஜூன் 11

தம்பி,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். கழுதை இப்போது வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே வரலாமா என்று நிற்கிறது. அதுவாகக் கேட்காது. எனக்கும் கூப்பிடத் தெரியவில்லை. கூப்பிட்டால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கூப்பிடாவிட்டாலும் ஒருநாள் வராமலே நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

உன் மலை ஜனங்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள்?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இதுவரை நான்தான் உன்னைக் கேட்டேன், முதல்முறையாக நீ என்னைக் கேட்கிறாய். இரண்டு நாள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதையே யோசித்தேன்.

அவர்கள் கூப்பிட மாட்டார்கள். தான் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு பலகையைக் காலியாகப் போட்டுவிட்டு, தன் வேலையைப் பார்ப்பார்கள். "இது உன் இடம், எப்போது வேண்டுமானாலும் வா, அவசரம் இல்லை" என்று அதற்கு அர்த்தம். அந்த மலையில் யாராலும் அதற்குமேல் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. ஒருதடவை போட்ட பலகையை எடுக்கவே மாட்டார்கள்.

இதை உனக்காக யோசித்தேன், கேமிலும் சேர்த்துவிட்டேன். கழுதைக்குக் கொஞ்சம் அகலமான பலகையாகப் போடு.

ஆகஸ்ட் 26, வெளியாள் ஐந்து பேர் வந்து ஆடும் பரீட்சை. இப்போதே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால், "நல்லா இருக்கேன், வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். குரல் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் யாரோ டம்ளர் வைக்கும் சத்தமும் கேட்கிறது. சரி, என் கதையைக் கேள்.

ஐந்து பேர் வந்தார்கள். முதல் நாலு பேரும் பட்டனைப் போட்டுத் தட்டினார்கள், முணுக்கன் போய்விட்டது. ஒருவர் எழுந்தே போனார். கத்தரி என்னைப் பார்த்தார். கதவுகள் என் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

ஐந்தாவது ஆள் மலைபோல் ஒரு மனிதர். அவரும் தட்டிப் பார்த்தார். அலுத்துப்போய், கேமில் தன் ஆளைப் பலகை போட்டு முதுகைக் காட்டி உட்காரவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். பதினொரு நிமிஷம். முணுக்கன் ஒரு முழம் வந்தது, அரை முழம் போனது, தும்மியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அது காலைத் தேய்த்துவிட்டு வந்து சாய்ந்தது. நான் நாற்காலியை நகர்த்தினேன். "அசையாதீங்க சார், போயிடப்போவுது!" என்று அந்த ஆள் என்னை அதட்டினார். அவர் கண்ணில் தண்ணீர், அக்கா!

அறையில் யாரும் அசையவில்லை. பிறகு அந்த நாலு பேரும், எழுந்து போனவர் உட்பட, மறுபடி ஆட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். கடைசியில் கத்தரியே உட்கார்ந்து, ஒரு மீட்டிங்கைத் தவறவிட்டார். "இத வெட்ட எனக்கு மனசு வரல" என்றார். மலை பிழைத்தது. நானும் பிழைத்தேன். இதெல்லாம் நீயும் உன் கழுதையும் போட்ட பிச்சை.

முதல் பகுதியை மட்டும் அக்டோபரில் எல்லோரும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். உன் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்.

வாலு

அண்ணி, நான்தான் எழுதுகிறேன், இவர் குளிக்கப் போயிருக்கிறார். அந்தக் கழுதைக்கு டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை? இவருக்கு இன்னும் புரியவில்லை. நான் சொல்லவும் மாட்டேன், நீங்களே சொல்லுங்கள்.


அக்டோபர் 8

அன்புத் தம்பி,

நான் மிக மிக நன்றாக இருக்கிறேன். முதலில் உன் வீட்டுக்காரிக்குப் பதில்: ஒன்றரை ஸ்பூன்.

வாலு, கழுதை என்று ஒன்று இல்லை. எழுதியது எல்லாம் அந்த ஃபிரிட்ஜ்காரரைப் பற்றி. என் நாற்பத்தெட்டு வயதில் தம்பிக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, கழுதை என்று போட்டுவிட்டேன். நீ அவரை அப்படியே கேமில் போட்டு ஊருக்கே காட்டுவாய் என்று நான் கண்டேனா?

நீ சொன்னபடி ஜூலையில், வராந்தாவில் என் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்றைப் போட்டேன். முதல் புதன்கிழமை பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது புதன்கிழமை காலைத் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து உட்கார்கிறார். ஒரு வார்த்தை இல்லை. நான் காத்திருந்தேன். உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், எழுதினால் கலைந்துவிடும் போல இருந்தது.

நேற்று உன் கேமைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்ததே அவர்தான். "தம்பி செஞ்சதா, பாப்போம்" என்று காதில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். முணுக்கன் வந்தது, பத்து முழம் தள்ளி நின்றது, கேட்டைப் பார்த்தது. இவர் சிரித்தார். காதில் குச்சியைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அது தும்மித் திரும்பிக்கொண்டது. இடது காலைத் தேய்த்தது. இவர் மெதுவாகக் கையைக் கொண்டுபோய்த் தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நான்தானே, டாக்டரம்மா?"

கேட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கழுதைன்னா எழுதினீங்க?"

"ஆமா."

எழுந்து வெளியே போனார். வண்டியை எடுக்கப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பின்னாலேயே வாசல்வரை போனேன். அவர் வராந்தாவில் இரண்டு நாற்காலியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"அந்த மலை ஜனங்க பலகை போட்டா, 'இது உன் இடம்'னு அர்த்தம்னு அதுல வந்துச்சே. அப்போ ஜூலைல போட்ட இந்த நாற்காலி?"

"அதுவும் அதேதான்."

"மூணு மாசமா அதுமேலயே உட்காந்துக்கிட்டு, எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேங்க" என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் இருந்த எருமை எழுந்து நின்றுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் நிஜமாகக் கெட்டது இரண்டே தடவைதான். அதற்குப் பிறகெல்லாம் தடுப்பூசியை வீட்டுக்கு மாற்றிவிட்டு நானே பிளக்கைப் பிடுங்கினேன். அவருக்கும் தெரியுமாம். வந்ததும் தெரிந்துவிடுமாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் கழற்றி மாட்டிவிட்டு, கடைசியில்தான் பிளக்கைச் செருகினாராம்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து. நீங்கள் இரண்டு பேரும் முந்தின வாரமே வந்துவிடுங்கள். வந்ததும் அவரிடம் கழுதைப் பேச்சை எடுத்தால் காதைத் திருகுவேன்.

உன் அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இரண்டு பேரும் சௌக்கியமாக இருப்பீர்கள், கேட்க வேண்டியதே இல்லை. இங்கே என் வீட்டுக்காரி ஒரு வாரமாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் சமையலறைப் பக்கம் போனால், "அறிவியல் வந்துடுச்சு" என்கிறாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை மாதம் உன் மனசு முழுக்க என் மேஜைமேல் கிடந்திருக்கிறது, நான் அதற்கு ரோமம் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

முந்தின வாரம் என்ன, ஒன்பதாம் தேதியே வந்துவிடுகிறோம். ஆனால் அதற்குமுன் மாமா ஒருதடவை இங்கே வர வேண்டும். அவருக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்பார் என்பதுகூடத் தெரியும். அதனால் வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

மாமா, ஒரு விஷயம் மட்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பழுதும் கிடையாது. இன்று காலையில் பாலையும் காய்கறியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

வாலு